பனிமலையில் ஒரு வெயில்காரர்

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் முப்பது வருடத்துக்கு மேல் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்தவள் நான். எத்தனையோ கிறுக்குகளைப் பார்த்திருக்கிறேன், மேனேஜராக வந்த மூன்று துரைமார்களையும் சேர்த்து. ஆனால் மலேசியாவின் கேமரன் மலையில் உட்கார்ந்துகொண்டு வெயிலுக்காக ஏங்கிய மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவரை வெயில்காரர் என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய அடையாள அட்டைப் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் தொழிலாளர் லயத்தில் போய் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால், அவர் வீட்டுக்காரி பாக்கியமே "யாரு அது?" என்று கேட்பாள்.

ஊரில் உள்ளவர்கள் எல்லாம் வெயிலுக்குப் பயந்து மலையேறுகிறார்கள். மலையடிவாரத் தாப்பாவைத் தாண்டியதும் காடி ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு, "ஆகா, சிலுசிலுன்னு இருக்குலா" என்கிறார்கள். வெயில்காரர் காலையில் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்ப்பார். பனி மூடியிருந்தால், யாரோ வேண்டுமென்றே தன் வீட்டுக் குழாயை அடைத்துவிட்ட மாதிரி முறைப்பார். மலையில் முக்கால்வாசி நாள் பனிதான். ஆகவே முக்கால்வாசி நாள் அவர் முறைத்துக்கொண்டே இருந்தார்.

தொழிற்சாலையில் எலக்ட்ரிஷன் வேலை அவருக்கு. விளக்கு எரிய வைப்பதற்குத்தான் சம்பளம். ஆனால் ஒரு விளக்கை மட்டும் அவருக்குக் கண்ணில் காட்டக் கூடாது. போனிலும் டிவியிலும் ஸ்கிரீனுக்குப் பின்னால் எரிகிறதே, அந்த விளக்கு. அது பொய் வெளிச்சமாம்.

ஒரு நாள் சுற்றுலா வந்த ஒரு ஜோடி தேயிலைச் சரிவில் படம் எடுத்துவிட்டு, போனைக் கையால் மூடி மூடிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதிசயமாக அன்றைக்குச் சுள்ளென்று வெயில். இவர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு இறங்கிப் போனார். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன், வேறு வழியில்லை.

"என்னா தம்பி, படம் தெரியலையா?"

"வெயிலு ஓவரா இருக்கு அங்கிள்."

"வெயிலக் குத்தம் சொல்லாத. ஒன் போனு உள்ளுக்குள்ள ஒரு சின்ன லைட்டப் போட்டுக்கிட்டு சூரியனோட மல்லுக்கு நிக்குது. ஜெயிக்குமா? நீயே சொல்லு, ஜெயிக்குமா?"

அந்த ஆள் மனைவியைப் பார்த்தான். மனைவி காடி எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று பார்த்தாள். இவர் ஜாக்கெட் பையிலிருந்து ஒரு பழைய கால்குலேட்டரை எடுத்து வெயிலில் நீட்டினார்.

"இதப் பாரு. உள்ள லைட்டே கெடையாது. வெயிலு ஏற ஏற எழுத்து பளிச்சுன்னு தெரியும். இது சூரியனப் பகைச்சுக்கல, கூட்டாளியா வச்சிருக்கு."

பாவம், தேன்நிலவுப் படம் பார்க்க நின்றவர்கள் கால்குலேட்டரில் வரிசையாக எட்டு எட்டுகளைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

வீட்டில் இதைவிட மோசம். பாக்கியம் என்னிடம் வந்து அழாத குறை. "சீரியல் பாக்க விடமாட்டேங்கிறாரு கிராணியம்மா. அந்தப் பொண்ணு அழுவுற நேரமாப் பாத்து ஜன்னலத் தொறந்து விட்டுட்டு, 'பாத்தியா, இப்ப அவ மூஞ்சி தெரியல பாத்தியா'ங்கிறாரு. இவரு வெயிலையே கட்டியிருக்கலாம். என்னை எதுக்குக் கட்டுனாரு?"

கால்குலேட்டரில் கறுப்பு எழுத்துதானே வருகிறது, கலர் எப்படி வரும் என்று ஒரு நாள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் கேட்டுவிட்டேன். கையோடு என்னைத் தொழிற்சாலைக்குள் இருக்கும் ருசி பார்க்கும் அறைக்கு அழைத்துப் போனார். அங்கே தரம் பார்க்கும் டீ மேக்கர் அன்றைய தூளில் வெந்நீர் ஊற்றி, ஜன்னலோரமாக வெள்ளைக் கோப்பைகளில் வரிசையாக வைத்திருந்தார். டீயின் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும், அது எங்கள் தொழிலின் வழக்கம்.

"ஏன் வெள்ளைக் கோப்பை? சொல்லுங்க கிராணியம்மா."

"நிறம் தெரியத்தான்."

"எப்படித் தெரியுது? வெளிச்சம் மேலேருந்து டீக்குள்ள போவுது. அடியில வெள்ளையில படுது. திரும்ப டீ வழியாவே மேல வருது. ரெண்டு வாட்டி டீயில முங்கி எழுந்திரிச்சுத்தான் நம்ம கண்ணுக்கு வருது. வெளக்கில்லாத கலர் ஸ்கிரீனும் அதே கததான். கோப்பைக்குப் பதிலா அடியில ஒரு கண்ணாடி. டீக்குப் பதிலா செவப்பு, பச்சை, நீலம்னு கண்ணுக்கே தெரியாத பொடிப்பொடிக் கலர்த் தாளு. நடுவுல கொழகொழன்னு ஒரு சாமான், அதுதான் கதவு. எந்தக் கலரு வழியா வெளிச்சத்த விடணும், எத மூடணும்னு கரண்டு சொல்லும். வெளக்கு எதுக்கு? சூரியன்தான் வெளக்கு!"

சொல்லச் சொல்ல ஒவ்வொரு கோப்பையாகத் தூக்கிக் குடித்தும் விட்டார். டீ மேக்கர் வந்து பார்த்தபோது வரிசையில் மூன்று கோப்பை காலி. அந்த மனிதர் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. குடித்தவரோடு மட்டும் பேசினார், அது என்ன நியாயமோ.

ஹெட் ஆபீஸ் எங்களை ஸ்மார்ட் ஆக்கத் தீர்மானிக்காமல் இருந்திருந்தால் இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயமாகவே இருந்திருக்கும்.

தேயிலைக்கு மருந்து அடித்தால் அந்த பீல்டு வாசலில் ஒரு குச்சி நட்டு, சிவப்புத் துணியைக் கட்டிவிடுவது எங்கள் பழக்கம். மருந்தின் வீரியம் அடங்கும் வரை யாரும் உள்ளே போக மாட்டார்கள். தமிழாள், வங்காளதேசத்து ஆள், நேப்பாளி எல்லாருக்கும் சிவப்பு என்றால் சிவப்புதான், யாருக்கும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. அந்தத் துணியில் ஹெட் ஆபீஸ் ஒரு பெரிய குறையைக் கண்டுபிடித்தது. துணி சிஸ்டத்தில் ஏறவில்லையாம்.

டை கட்டிய ஒரு விற்பனைக்காரர் வந்தார். டைக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானைத் தட்டினால் பீல்டு வாசலில் உள்ள ஸ்கிரீன் சிவப்பாகும், இன்னொன்றைத் தட்டினால் பச்சையாகும். மண்டபத்து ஜன்னல் திரைகளை எல்லாம் இழுத்து மூடிவிட்டு, இருட்டில் போட்டுக் காட்டினார். என்ன பளபளப்பு! எல்லாரும் கை தட்டினோம். நானும்தான் தட்டினேன், கேக் வைத்திருந்தார்கள். வெயில்காரர் மட்டும் எழுந்து, "தெரயத் தொறந்து காட்டுங்க" என்றார். உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

முதல் ஸ்கிரீனை ஏழாம் நம்பர் பீல்டு வாசலில் மாட்டினார்கள். ஒரு நாள் காலையில் அங்கே மருந்து அடித்தார்கள். நான்தான் பொத்தானைத் தட்டினேன். ஸ்கிரீன் சிவப்பானது. காலையில் வேறு பீல்டில் கொழுந்து பறித்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் முதல் ஆளாக இங்கே வந்த பாக்கியம் வாசலில் நின்று பார்த்திருக்கிறாள். உச்சி வெயில். சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை. கறுப்புக் கண்ணாடியில் தன் முகம்தான் தெரிந்தது. தலைத்துணியைச் சரி செய்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலத்துக்குள் வாந்தி, கண் வீங்கிவிட்டது. தானா ராத்தா ஆஸ்பத்திரியில் இரண்டு நாள். நல்லவேளை, பிழைத்து எழுந்து வந்தாள்.

அந்த இரண்டு நாளும் வெயில்காரர் ஆஸ்பத்திரி வராந்தாவை விட்டு நகரவில்லை. வெளியே நல்ல வெயில் அடித்தது, அவர் தலையைத் தூக்கிப் பார்க்கக்கூட இல்லை. பொத்தானைத் தட்டியவள் என்ற குற்ற உணர்வில் நான் பக்கத்தில் உட்கார்ந்து எதையோ உளறினேன். இந்த மனிதர் மறுபடியும் கிறுக்குத்தனமாக ஏதாவது பேசிவிட மாட்டாரா என்று நான் ஏங்கியது அன்றைக்குத்தான்.

ஹெட் ஆபீஸ் சும்மா இருக்கவில்லை. மூன்று சுற்றறிக்கை அனுப்பியது. தொழிலாளர்கள் ஸ்கிரீனைக் கவனமாகப் பார்க்க வேண்டும் என்று மூன்றிலும் இருந்தது.

பாக்கியம் வீடு திரும்பிய மறுநாள் வெயில்காரர் நேராகத் துரையின் அறைக்குள் போனார். எங்கள் துரை ஈப்போக்காரர், நம்மவர்தான், கெட்டவர் இல்லை. முடிவெடுக்கச் சொன்னால்தான் வியர்க்கும்.

"செவப்புத் துணியத் திரும்பக் கட்டுங்க துரை."

"அதெல்லாம் பழைய காலம்லா. முன்னேறிப் போயிட்டுப் பின்னால வர முடியாது."

"முன்னால பள்ளம் இருந்தாக் கூடவா துரை?"

துரைக்கு வியர்த்தது. கடைசியில் ஒரு வழி சொன்னார். அடுத்த மாதம் ஹெட் ஆபீசிலிருந்து டத்தோ பட்டம் வாங்கிய பெரிய அதிகாரி வருகிறார். அதற்குள் வெயில்காரர், தான் சொல்லிக்கொண்டே இருக்கும் விளக்கில்லாத ஸ்கிரீனைக் கொண்டுவந்து வைக்கட்டும். டத்தோ பார்த்துச் சரி என்றால் எல்லா பீல்டுக்கும் அதுதான். இல்லாவிட்டால் டைக்காரருடைய ஸ்கிரீன் எல்லா வாசலுக்கும் வந்துவிடும், அப்புறம் வெயில்காரர் வாயைத் திறக்கக் கூடாது. பாக்கியம் தினமும் கொழுந்து பறிக்கப் போகிற வாசல்கள் அத்தனையும் அந்த ஒரு நாளில் தொங்கின.

பிரிஞ்சாங்கில் சாமான் கடை வைத்திருக்கும் பாய் மூலமாக வெளிநாட்டிலிருந்து ஸ்கிரீன் வந்தது. விளக்கே இல்லாத ஸ்கிரீன். பாய் கடைக்குள் வைத்துப் பார்சலைப் பிரித்தார். பேட்டரியை மாட்டிப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் ஏதோ மங்கலாகத் தெரிந்தது.

"அண்ணே, ஒங்கள நல்லா ஏமாத்திப்புட்டானுங்க. செத்த ஸ்கிரீன அனுப்பியிருக்கானுங்க."

"உசுரு வெளிய இருக்கு பாய்" என்று சொல்லிவிட்டு, இவர் அதைத் தூக்கிக்கொண்டு நடுரோட்டுக்குப் போனார். கோலா தெர்லாவிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றி வந்த லோரி கிறீச்சென்று நின்றது. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே திட்ட ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து மேகம் விலகி வெயில் விழுந்தது. இவர் கையில் இருந்த சாம்பல் பலகை குப்பென்று சிவந்தது. டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டார். "அலாமா! என்னா சாமான்லா இது?" என்று இறங்கியே வந்துவிட்டார். பின்னால் ஏழெட்டு வண்டி நின்றது. இவர் எல்லாருக்கும் டீக்கோப்பைக் கதையை முதலிலிருந்து சொன்னார்.

ஏழாம் நம்பர் வாசலில் டைக்காரர் ஸ்கிரீனுக்குப் பக்கத்திலேயே அதை நட்டார். மேலே ஒரு சின்ன சோலார் தட்டு, வேறொன்றும் இல்லை. ஒரு வாரம் மத்தியானத்தில் அமோக வெயில். எதிர் மலையிலிருந்து பார்த்தால்கூடச் சிவப்பு தெரிந்தது. பெண்கள் எல்லாம் மூக்கின் மேல் விரலை வைத்தார்கள். பாக்கியம் மட்டும், "காலையில போவும்போது கொஞ்சம் மங்கலாத்தான் இருக்கு" என்றாள்.

"காலையில சூரியன் வர்றதில்ல. அது சூரியனோட தப்பு" என்றார் இவர்.

டத்தோ வந்தார். கேமரன் மலையில் வெயிலை நம்பி விழா வைத்தால் என்ன ஆகுமோ அது ஆனது. பனி என்றால் அப்படி ஒரு பனி, பக்கத்தில் நின்ற துரையை நான் குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். அந்தப் பனியிலும் டத்தோ கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். பதவி அப்படி.

பலகை பால் அதிகமாகிப்போன மைலோ மாதிரி இருந்தது. டத்தோ குனிந்து பார்த்தார்.

"இது சிவப்பா, பச்சையா?"

துரை முந்திக்கொண்டார். "சிவப்புதான் டத்தோ. கொஞ்சம் அடக்கமான சிவப்பு."

"கண்ணாடியக் கழட்டிட்டுப் பாருங்க டத்தோ" என்றார் வெயில்காரர்.

டத்தோ கழற்றினார். "இப்பவும் தெரியலையே."

"அஞ்சு நிமிசம் டத்தோ. வெயிலு வந்துக்கிட்டே இருக்கு."

"எங்க வந்துகிட்டு இருக்கு?"

"பிரிஞ்சாங் தாண்டிருச்சு டத்தோ."

வெயில் ஏதோ காய்கறி லோரியில் வருவது போல எல்லாரும் ரோட்டைப் பார்த்தோம். அஞ்சு நிமிடம் அரை மணி ஆனது. விருந்துக்கு வைத்த, ஸ்ட்ராபெரி ஜாம் தடவிய ஸ்கோன் ரொட்டி எல்லாம் ஈரத்தில் ஊறிக் கூழாகிவிட்டது. டைக்காரர் அவசரமே படாமல் தன் ஸ்கிரீனைப் போட்டார். பனிக்குள் அது தீபாவளிக்குக் கட்டின சீரியல் விளக்காக ஜொலித்தது. டத்தோ கை தட்டினார். துரை கை தட்டினார். மாதக் கடைசிக்குள் எல்லா வாசலிலும் இதுதான் என்று முடிவாகி, காடிகள் வரிசையாக இறங்கிப் போயின.

கடைசிக் காடி வளைவில் மறைந்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. பனி கிழிந்து வெயில் கொட்டியது. வெயில்காரருடைய பலகை செக்கச்செவேல் என்று எழுந்தது. பக்கத்தில் டைக்காரர் ஸ்கிரீன் கன்னங்கரேல். அவரைத் தவிர, பார்க்க அங்கே இருந்தது நான், பாக்கியம், ஸ்கோன் தின்ன வந்த ஒரு நாய். நான் விடுவேனா? போனை எடுத்து இரண்டையும் சேர்த்து வீடியோ பிடித்தேன். வெயிலில் போன் ஸ்கிரீன் தெரியவில்லை, குத்துமதிப்பாகப் பிடித்தேன். ஆபீசில் போய்ப் போட்டுப் பார்த்தால் ஆறு நிமிடமும் என் கட்டைவிரல்.

வெயில்காரர் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வேலைக்கும் வரவில்லை. மூன்றாம் நாள் பார்க்கப் போனேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"பத்து நிமிசம் கிராணியம்மா. பத்து நிமிசம் இருந்திருந்தா அந்தாளு பாத்திருப்பான். வெயிலு என்னை ஏமாத்தல. அவனுங்களுக்குப் பொறுமையில்ல."

அடுப்பங்கரையிலிருந்து பாக்கியம் வந்தாள். கையில் கரண்டி.

"நான் ஒண்ணு கேக்கவா? காலையில பெரட்டுல ஆள் கணக்குக்குப் பேரு குடுத்துட்டு நான் பீல்டுக்குப் போறப்ப மணி ஆறே முக்கா. ஒரே பனி. ஒங்க பலகை எனக்குத் தெரியல. மத்தியானம் அவன் பலகை தெரியல. நான் என்ன வெயில்ல மட்டுமா வேலை செய்யிறேன்?"

"பாக்கியம், அது வந்து..."

"சூரியன் ஜெயிச்சா எனக்கென்ன, தோத்தா எனக்கென்ன? இன்னொரு வாட்டி நான் தெரியாம உள்ள போயிட்டா என்ன பண்ணுவீங்க? திரும்ப வராந்தாவுல போய் ஒக்காருவீங்களா?"

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அடுப்பில் ஏதோ தீயும் வாசனை வந்தது. அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. டீகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டேன்.

மறுநாள் வேலைக்கு வந்தார். தன் பலகையைக் கழற்றி எடுத்துப் போய், மேலே தகரத்தில் ஒரு சின்னக் கூரை போட்டுத் திரும்ப நட்டார். "மழைக்கு" என்றார். மழை எந்தக் காலத்தில் அந்தப் பலகையைத் தொந்தரவு செய்தது என்று எனக்குப் புரியவில்லை.

மாதக் கடைசியில் டைக்காரர் ஸ்கிரீன்கள் எல்லா வாசலிலும் ஏறின. அடுத்த வாரம் டத்தோவின் வீட்டம்மா, தோழிகளோடு தேயிலைக்கு நடுவில் நின்று படம் பிடிக்க வந்தார். நல்ல உச்சி நேரம். அன்று காலையில் மருந்து அடித்த மூன்றாம் நம்பர் பீல்டு. ஸ்கிரீன் கறுப்பாக இருக்க, அதையே கண்ணாடியாக்கி உதட்டுச் சாயத்தைச் சரி செய்துகொண்டு உள்ளே இறங்கிவிட்டார்கள். மருந்து அடித்ததைக் காலையில் எதிர்ச் சரிவிலிருந்து பார்த்திருந்த பாக்கியம் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து, "அம்மா, மருந்து! மருந்து! வெளிய வாங்க!" என்று கத்தி, டத்தோ வீட்டம்மாவின் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து வந்தாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. செருப்பு மட்டும் நாறியது.

பாக்கியம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மூன்று சுற்றறிக்கை. டத்தோ வீட்டம்மாவின் செருப்பு நாறியபோது மறுநாள் பொழுது சாய்வதற்குள் எல்லா ஸ்கிரீனும் இறங்கிவிட்டது. பின்னால் வர முடியாது என்றவர்கள் ஓடியே வந்தார்கள்.

துரை வெயில்காரரைக் கூப்பிட்டார். "ஒன் பலகையையே எல்லா பீல்டுக்கும் போடச் சொல்லிட்டாங்க. ஆனா காலையில தெரியாதேலா?"

"வந்து பாருங்க துரை."

விடிந்தும் விடியாத நேரம் போனோம். எதிரே வருகிற ஆள் தெரியாத பனி. ஏழாம் நம்பர் வாசலில் சிவப்பு நன்றாகவே தெரிந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. துரை பலகையைச் சுற்றி வந்தார்.

"வெயிலே இல்ல. எப்படித் தெரியுது?"

வெயில்காரர் எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார். "பனிக்குள்ளயும் வெயிலு இருக்கு துரை. நம்ம கண்ணுக்குத்தான் தெரியாது."

துரை குனிந்து தகரக் கூரைக்கு அடியில் பார்த்தார். நானும் பார்த்தேன். ஓரத்தில் வரிசையாகக் குட்டிக் குட்டி விளக்குகள், இருட்டினால் தானாக எரிந்து, பலகையின் முகத்தில் வெளிச்சம் படும்படி. ஆயுள் முழுக்க எதைப் பொய் வெளிச்சம் என்று ஏசினாரோ, அதைத் தன் கையாலேயே மாட்டியிருந்தார். துரை நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஆமா" என்றார் துரை. "இருக்கும்லா."

அந்த ஒரு வார்த்தைக்காக அந்த மனிதர் எடுக்காமல் விட்ட அத்தனை முடிவுகளையும் நான் மன்னித்துவிட்டேன்.

இப்போது எல்லா வாசலிலும் அந்தப் பலகைதான், எல்லாவற்றுக்கும் மழைக்கென்று ஒரு கூரை. காலையில் கொழுந்துக்குப் போகிற பெண்கள் சிவப்பைப் பார்த்ததும் ஒதுங்கி வேறு வாசலுக்குப் போகிறார்கள். வழியில் இவரைப் பார்த்தால், "எப்படிண்ணே, இந்தப் பனியிலயும் இப்படித் தெரியுது?" என்று கேட்பார்கள். இவர் பனிக்குள் இருக்கும் வெயிலைப் பற்றி விளக்குவார். கூரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அத்தனை பேருக்கும் தெரியும், வங்காளதேசத்து ஆட்கள் உட்பட. ஒருவரும் வாயைத் திறந்ததில்லை.

நான் ஓய்வு பெற்றுத் தாப்பாவுக்கு இறங்கிவிட்டேன். இதைப் பத்திரிகைக்கு எழுதும்முன் பாக்கியத்துக்குப் போன் போட்டேன். "எழுதினா அவருக்குத் தெரிஞ்சுடுமே பாக்கியம், எல்லாருக்கும் தெரியும்ங்கிறது?"

"நீங்க எழுதுங்க கிராணியம்மா. அந்த வாரம் மலைக்கு வர்ற புக்கு பூரா நாங்க பொம்பளைங்களே வாங்கிப்புடுறோம்."